பற்றரி ஏன் கிழடாகிறது? திருகோணமலைச் சூட்டில் போன் வைத்திருப்பவர்களுக்கு

உப்புவெளி ஓட்டோக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். என் போனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. 5000 மில்லியம்பியர் மணி பற்றரி. வாங்கிய புதிதில் காலையில் ஏற்றினால் இரவு வரை கவலையில்லை. இப்போது மத்தியானச் சவாரிக்கு அநுராதபுரச் சந்திக்கு வரும்போதே சிவப்புக் கோடு வந்துவிடுகிறது. அதைவிட மோசம், 25 சதவீதம் என்று காட்டிக்கொண்டே படக்கென்று அணைந்துபோகிறது. வயரைச் செருகினால் உயிர் வந்து மறுபடி 20க்கு மேல் காட்டுகிறது. சவாரிக்காரருக்கு வழி கேட்டுச் சொல்லிக்கொண்டு இருக்கும்போது இப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போன் ஓட்டோவின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் இருக்கும். மேப் ஓடிக்கொண்டே இருக்கும், சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருவர் பூச்சியத்துக்கு இறக்கி ஏற்று என்கிறார். இன்னொருவர் இரவில் சார்ஜில் விடாதே என்கிறார். மூன்றாமவர் போன் கம்பனிகள் வேண்டுமென்றே செய்கிற வேலை என்கிறார். எது உண்மை?

சம்பூர் சிங்கம்

முழுக்க இறக்கி, அணைந்த பிறகு 100 வரை ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால் பற்றரி பழையபடி வந்துவிடும். நான் நோக்கியாக் காலத்திலிருந்து இதைத்தான் செய்கிறேன்.

நிலாவெளி டீச்சர்

சிங்கம் தம்பி சொல்வது வேறு பற்றரிக்கு. நிக்கல் கட்மியம் பற்றரிகளில் பாதியில் ஏற்றி ஏற்றிப் பழக்கினால் கொள்ளளவு குறைந்ததுபோல் நடந்துகொள்ளும் ஒரு குணம் இருந்தது. அந்தக் காலத்து அறிவுரை இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டு இருக்கிறது. இப்போதைய போன்களில் இருப்பது இலித்தியம் அயன் பற்றரி. அதை சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜோன் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யொஷினோ மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது வயது 97. இந்த வகைப் பற்றரியை அடிக்கடி பூச்சியத்துக்கு இறக்குவது நன்மை செய்யாது, தேய்மானத்தைத்தான் கூட்டும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், வகுப்பு மாதிரி இருந்தால் மன்னியுங்கள். ஒரு பக்கம் காரீயம், அதாவது பென்சில் கூரில் இருக்கும் கிராபைட்டு. மறுபக்கம், போன்களில் பெரும்பாலும், இலித்தியம் கோபாற்று ஒட்சைட்டு. நடுவில் மின்பகு திரவம். சார்ஜ் ஏறும்போது இலித்தியம் அயன்கள் கோபாற்றுப் பக்கத்திலிருந்து கிளம்பி, திரவத்தைக் கடந்து, காரீயத்தின் அடுக்குகளுக்கு இடையில் போய் இருக்கின்றன. போனைப் பாவிக்கும்போது திரும்பி வருகின்றன. இப்படிப் போய்வரக்கூடிய இலித்தியம் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் பற்றரியின் கொள்ளளவு.

முதன்முதல் சார்ஜ் ஏறும்போதே திரவத்தில் கொஞ்சம் சிதைந்து காரீயத்தின் மேல் ஒரு மென்படலமாகப் படிகிறது. அந்தப் படலம் தேவை. அது இல்லாவிட்டால் திரவம் முழுவதும் சிதைந்து பற்றரி சில நாளில் செத்துவிடும். ஆனால் அது சிதைவை முற்றாக நிறுத்துவதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது. வருடக்கணக்கில் படலம் தடித்துக்கொண்டே போகும். தடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இலித்தியத்தைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். பிடிபட்டது பிறகு போய்வரும் கணக்கில் இல்லை. போனை அலமாரியில் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். இது காலத்தால் வரும் மூப்பு.

மற்றது பாவனையால் வரும் மூப்பு. இலித்தியம் உள்ளே போகும்போது காரீயம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீங்கும், வெளியே வரும்போது சுருங்கும். அந்த அசைவில் படலம் வெடிக்கும். வெடித்த இடத்தில் புதுப்படலம் உண்டாகும், அதற்கும் இலித்தியம் செலவு. 0 முதல் 100 வரை போனால் அசைவு பெரிது, 40 முதல் 70 வரை போனால் சிறிது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதில் பிழை இல்லை. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்றால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று.

உங்கள் விஷயத்தில் சுற்றுகளின் எண்ணிக்கையைவிட வெப்பம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். உயர்தர மாணவர்கள் படிக்கும் அதே தாக்க வீதக் கதைதான்: வெப்பநிலை ஏற ஏற, திரவம் சிதைவது போன்ற வேண்டாத இரசாயனத் தாக்கங்கள் வேகமாகும். அதோடு பற்றரி முழுதாக நிறைந்திருந்தால் வோல்ற்றளவும் உச்சத்தில் இருக்கும். இப்போதைய போன்களில் 100 சதவீதம் என்றால் ஒரு கலத்துக்கு 4.4 வோல்ற்று அளவில். அந்த உயரத்தில் திரவம் கோபாற்றுப் பக்கத்திலும் சிதையத் தொடங்கும். வெப்பம், நிறைவு என்ற இரண்டில் ஒன்று தனியாக வந்தால் சமாளிக்கலாம். உங்கள் ஓட்டோக் கண்ணாடியில் காலை முதல் மாலை வரை இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

ஓர்ஸ்ஹில் பெரியவர்

டீச்சர், எல்லாம் சரி. எத்தனை வீதம் என்று சொல்லாவிட்டால் எனக்கு ஏறாது. சூடு கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எவ்வளவு கூடாது?

நிலாவெளி டீச்சர்

நியாயமான கேள்வி, ஐயா. பற்றரி யுனிவர்சிட்டி என்ற தளத்தில் உள்ள ஓர் அட்டவணையைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். பற்றரியைப் பாவிக்காமல் ஒரு வருடம் சும்மா வைத்தால் மீதியாகும் கொள்ளளவு அதில் இருக்கிறது. 25 பாகை செல்சியசில், 40 சதவீத சார்ஜில் வைத்தால் 96 சதவீதம் மிச்சம். அதே 25 பாகையில் முழுச் சார்ஜில் வைத்தால் 80. இப்போது 40 பாகைக்கு வாருங்கள். 40 சதவீத சார்ஜில் 85 மிச்சம், முழுச் சார்ஜில் 65. 60 பாகையில் முழுச் சார்ஜோடு வைத்தால் மூன்று மாதத்திலேயே 60க்கு வந்துவிடும். ஒவ்வொரு கம்பனிப் பற்றரிக்கும் எண்கள் மாறும், ஆனால் போக்கு இதுதான்.

ஆப்பிள் தன் போன்களுக்கு 16 முதல் 22 பாகை வரையான சுற்றுச்சூழல் நல்லது என்றும், 35க்கு மேல் போனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்றும் சொல்கிறது. கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே மத்தியானம் 35 என்பது நிழலில்.

ஓர்ஸ்ஹில் பெரியவர்

அப்போ 40 பாகை என்பது ஏறக்குறைய கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றும் சூடு. போனைக் கிணற்றில் போட்டு வைத்திருக்கிறான் தம்பி. சரி, விளங்கிவிட்டது.

மத்திய வீதி போன் கடை

ஓட்டோ அண்ணா, 25இல் அணைவதற்குக் காரணம் கொள்ளளவு மட்டும் இல்லை. வயதாக ஆக பற்றரியின் அகத்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை, கூடும். மேப்பும் வெளிச்சமும் கமராவும் சேர்ந்து ஒரே நேரத்தில் மின்னோட்டத்தை இழுக்கும்போது வோல்ற்றளவு திடீரென்று விழும். போன் இயங்கத் தேவையான எல்லைக்குக் கீழே ஒரு கணம் போனாலும் அது தன்னை அணைத்துக்கொள்ளும். உள்ளே சார்ஜ் இருக்கிறது, ஆனால் வேகமாக எடுக்க முடியவில்லை. வயரைச் செருகியதும் 20 காட்டுவது அதனால்தான்.

கம்பனிகளின் சதி என்று சொல்பவருக்கும் ஒரு வார்த்தை. இதே பிரச்சினைக்காகத்தான் ஆப்பிள் பழைய பற்றரி உள்ள ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்தது. 2017 டிசம்பரில் அது வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, 2018 முழுவதும் பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29க்கு இறக்கினார்கள். போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் செய்தோம் என்றார்கள். அது உண்மை. வாடிக்கையாளரிடம் மறைத்ததும் உண்மை. பற்றரியை மாற்றியவுடன் வேகம் திரும்பி வந்தது, இல்லாவிட்டால் எத்தனை பேர் புதுப்போன் வாங்கியிருப்பார்கள்!

கடைக்கு வரும் போன்களில் பற்றரி வீங்கியவை பெரும்பாலும் மூன்று வகை: ஓட்டோ, வான் முன்கண்ணாடியில் இருந்தவை; கடைகளில் எந்நேரமும் சார்ஜரில் இருந்து கணக்குப் பார்த்தவை; பிள்ளைகள் சார்ஜில் வைத்தபடியே கேம் விளையாடியவை. திரையின் ஓரம் கிளம்பினாலோ பின்மூடி உப்பினாலோ அதற்குமேல் சார்ஜ் போடாதீர்கள். திரவம் சிதைந்து உண்டான வாயுதான் உள்ளே. ஊசியால் குத்தி வாயுவை விடலாம் என்று ஒருவர் வீடியோ பார்த்துவிட்டு வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குள் இருப்பது எரியக்கூடிய திரவம்.

கிண்ணியா கடலோடி

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இரவில் வலைக்குப் போகிறவர்கள். போன் பொலித்தீன் பைக்குள், பை எஞ்சின் பக்கத்துப் பெட்டிக்குள். ஜிபிஎஸ் இல்லாமல் இப்போது யாரும் கடலுக்குப் போவதில்லை. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் சிக்னல் கோடு ஒன்றுதான் இருக்கும். அங்கே ஒன்றுமே செய்யாமல் போன் சூடாகி, விடியும்போது பற்றரி முடிந்துவிடுகிறது. இதற்கு என்ன வழி?

மத்திய வீதி போன் கடை

வஅலைக்கும் ஸலாம் நானா. சிக்னல் குறைந்த இடத்தில் போன் கோபுரத்தை எட்டுவதற்காக அதிக சக்தியில் அலை அனுப்பும், விடாமல் தேடும். சூடும் செலவும் அதனால்தான். விமானப் பயன்முறையில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது செய்மதியிலிருந்து கேட்க மட்டும் செய்கிறது. கடல் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்தில் விமானப் பயன்முறையில் விடுங்கள். ஆனால் அவசரத்துக்கு யாராவது உங்களை அழைக்க வேண்டுமென்றால் படகில் இன்னொருவருடைய போன் திறந்திருக்கட்டும்.

எஞ்சின் பெட்டியிலிருந்து பையை எடுத்து முன்பக்கம் வையுங்கள். அப்புறம் ஒன்று, உங்களுக்கு முக்கியம்: பற்றரி மாற்ற போனைத் திறந்தால் உள்ளே தண்ணீர் புகாமல் ஒட்டியிருந்த பசை போய்விடும். புதுப்பசை போட்டுத்தான் மூடுவோம், இருந்தாலும் பழைய தண்ணீர்ப் பாதுகாப்பை நம்பிக் கடலில் நனைய விடாதீர்கள்.

ஸ்காபரோ தம்பி (இருப்பது கனடா, சொந்த இடம் லிங்கநகர்)

இங்கே எதிர்ப்பக்கக் கதை. ஜனவரியில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது 40 சதவீதத்தில் ஐபோன் அணைந்துவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து கொஞ்ச நேரம் வைத்தால் பழையபடி வந்துவிடும். அப்போ குளிரும் பற்றரியைக் கெடுக்கிறதா?

நிலாவெளி டீச்சர்

குளிரில் அயன்கள் மெதுவாக நகரும், அகத்தடை தற்காலிகமாகக் கூடும். சூடானதும் சரியாகிவிடும். வெப்பத்தால் போனது திரும்பாது, அதுதான் வித்தியாசம். ஒரேயொரு எச்சரிக்கை: உறைகுளிரில் கிடந்த போனை உடனே வேகமாகச் சார்ஜ் செய்யக்கூடாது. அயன்களால் காரீயத்துக்குள் நுழைய முடியாமல் மேற்பரப்பில் உலோக இலித்தியமாகவே படிந்துவிடும். அது நிரந்தர நட்டம். நல்ல போன்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, மார்கழி வாடையில்கூட.

ஓர்ஸ்ஹில் பெரியவர்

நான் கொஞ்சம் மறுத்துப் பேசப் போகிறேன். எங்கே பார்த்தாலும் இதே அறிவுரைதான்: 80க்கு மேல் ஏற்றாதே, 20க்குக் கீழே இறக்காதே, வெயிலில் வைக்காதே, சார்ஜில் பார்க்காதே. 20இலிருந்து 80 வரை பாவித்தால் காசு கொடுத்து வாங்கிய பற்றரியில் 60 சதவீதம்தான் பாவிக்கிறேன். மூன்று வருடம் கழித்து பற்றரி 80 சதவீதமாகிவிடும் என்று பயந்து இன்றைக்கே 60இல் வாழ்வது என்ன கணக்கு? பற்றரி தேய்கிற பொருள், தேய்ந்தால் மாற்றுவோம். செருப்பை யாரும் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை.

சம்பூர் சிங்கம்

ஐயாவுக்கு ஆயிரம் லைக்.

நிலாவெளி டீச்சர்

ஐயா சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. 20க்குக் கீழே போனதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போதாவது போவதில் பெரிய சேதம் இல்லை. வீட்டிலேயே இருந்து, மின்குதைக்குப் பக்கத்திலேயே நாளைக் கழிப்பவருக்கு 80 எல்லையால் இழப்பு ஒன்றும் இல்லை, அவர் அதைப் போட்டு மறந்துவிடலாம். இப்போது பல சாம்சங் போன்களிலும், ஐபோன் 15 முதலும் அந்த வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. நாள் முழுவதும் வெளியே சுற்றுபவர் 100 வரை ஏற்றட்டும். ஏற்றியவுடன் பாவிக்கத் தொடங்கினால் உச்சத்தில் இருக்கும் நேரம் குறைவு. 100இல் ஏறி, 100இலேயே, சூட்டில், மணிக்கணக்காக இருப்பதுதான் கெடுதல். வெப்பத்தைத் தவிர்ப்பதற்கோ ஒரு சதமும் செலவில்லை. நான் பிடிவாதம் பிடிப்பது அந்த ஒன்றுக்குத்தான்.

கிண்ணியா கடலோடி

அப்படியென்றால் இரவு முழுக்கச் சார்ஜில் விடலாமா கூடாதா? என் மகள் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் தூங்குகிறாள்.

மத்திய வீதி போன் கடை

தலையணைக்குக் கீழே மட்டும் வேண்டாம் நானா, சூடு போக வழியில்லை, ஆபத்தும்கூட. மற்றபடி 100 ஆனதும் போன் தானாகவே சார்ஜை நிறுத்தும், அளவு மீறி ஏறாது. குறைவது கொஞ்சம், மறுபடி ஏற்றுவது கொஞ்சம் என்று விடியும் வரை உச்சத்திலேயே நிற்கும், அவ்வளவுதான். 2019இல் வந்த ஐஓஎஸ் 13இலிருந்து ஐபோன் நம் தூக்க நேரத்தைப் பழகிக்கொண்டு, 80இல் நிறுத்தி, எழும்பும் நேரத்துக்குச் சற்று முன் மிச்சத்தை ஏற்றுகிறது. பல அன்ட்ரொயிட் போன்களிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அமைப்புகளில் பற்றரிப் பகுதியில் தேடிப் பாருங்கள்.

வேகச் சார்ஜ் பற்றியும் பலர் கடையில் கேட்கிறார்கள். 67 வாற்று, 120 வாற்று என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த வேகம் ஆரம்பத்தில்தான். நிறைய நிறைய மின்னோட்டத்தைப் போன் தானே குறைத்துவிடும், கடைசி இருபது சதவீதத்துக்கு எப்போதும் அதிக நேரம் எடுப்பது அதனால்தான். மிக வேகமான போன்களில் பெரும்பாலும் பற்றரி இரண்டு கலங்களாகப் பிரிந்திருக்கும், சுமை பங்கிடப்படும். வீட்டில், காற்றாடிக்குக் கீழே, கவரைக் கழற்றி வைத்து வேகச் சார்ஜ் போடுவதற்கு நான் பயப்பட மாட்டேன். வெயிலில் நிற்கும் காருக்குள் மெதுவாகச் சார்ஜ் போடுவதற்கும் பயப்படுவேன். பூட்டிய காருக்குள் 50 பாகை சாதாரணமாகத் தாண்டும்.

தம்பலகாமம் அக்கா

என் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். சுவிஸில் இருக்கும் தம்பி மகளுக்கு ஒரு போன் கொண்டுவந்து தந்தான். சாதாரணதரப் பரீட்சை முடிந்தால்தான் தருவேன் என்று பெட்டியோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. பாவிக்காமல் வைத்திருப்பதால் பற்றரி புதிதாகவே இருக்கும்தானே?

நிலாவெளி டீச்சர்

இல்லை, அக்கா. மேலே சொன்ன காலமூப்பு பெட்டிக்குள்ளும் நடக்கும். அதைவிடப் பெரிய பயம், பற்றரி தானாகவே மெல்ல இறங்கி அடிமட்டத்துக்குப் போய்விடுவது. ஓர் எல்லைக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அப்படிப்பட்ட பற்றரியை பாதுகாப்புச் சுற்று மறுபடி ஏற்றவே விடாமல் தடுக்கும். பெட்டியைத் திறந்து, 50 சதவீதம் அளவுக்கு ஏற்றி, முழுதாக அணைத்து, வீட்டில் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அலமாரி வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து மறுபடி பாதிக்குக் கொண்டுவாருங்கள். உத்தரவாதக் காலமும் பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், அதையும் கவனியுங்கள்.

தம்பலகாமம் அக்கா

திறந்தால் மகள் கண்டுவிடுவாள். சரி, பள்ளிக்கூடம் போன பிறகு பார்க்கிறேன்.

மத்திய வீதி போன் கடை

அக்காவின் கேள்வியிலிருந்து எங்கள் தொழிலின் பெரிய தலைவலி ஒன்று. சந்தையில் 'புதுப் பற்றரி' என்று வருபவற்றில் பல, எங்கோ களஞ்சியத்தில் இரண்டு மூன்று வருடம் சூட்டில் கிடந்தவை. ஒரு தடவையும் பாவிக்கவில்லை, ஆனாலும் கிழடு. பழைய மொடல் போன்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கடையில் வாங்கும்போது உற்பத்தித் திகதியைக் காட்டச் சொல்லுங்கள். அளவும் நிறையும் ஒரிஜினல் போலவே இருக்க, ஸ்டிக்கரில் மட்டும் ஆயிரம் மில்லியம்பியர் மணி கூடுதலாகப் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அதே இடத்துக்குள் அவ்வளவு சக்தியை அடைக்க முடியாது.

ஸ்காபரோ தம்பி

எத்தனை சதவீதத்தில் மாற்ற வேண்டும்? என் ஐபோனில் பற்றரி ஆரோக்கியம் 83 காட்டுகிறது.

மத்திய வீதி போன் கடை

80 என்பது தொழிலில் எல்லாரும் வைத்துக்கொண்ட எல்லை. 79 ஆனதும் போன் நின்றுவிடாது. ஐபோன் 14 வரை, நல்ல சூழ்நிலையில் 500 முழுச்சுற்றுக்குப் பிறகு 80 மிச்சமிருக்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. 15 முதல் 1000 சுற்று. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்றுக்குப் பிறகும் 80 இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அந்தச் சுற்றுகள் பரிசோதனைக்கூடத்தில் எண்ணப்பட்டவை, ஓட்டோக் கண்ணாடியில் அல்ல.

காட்டும் எண்ணும் போன் போடும் மதிப்பீடுதான். 83க்கும் 81க்கும் இடையில் கவலைப்பட ஒன்றுமில்லை. நாள் ஓடவில்லையா, திடீரென்று அணைகிறதா, வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் 95 காட்டினாலும் மாற்ற வேண்டும்.

கிண்ணியா கடலோடி

இன்னொன்று விட்டுப்போனது: கரண்ட் கட். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போன் 100இலிருந்து இறங்கினாலே உம்மா சார்ஜில் போட்டுவிடுவார். 80இல் நிறுத்துங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஓர்ஸ்ஹில் பெரியவர்

உம்மா சரிதான். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் இருண்டது என்றார்கள். குரங்கு முன்னறிவித்தல் கொடுத்துவிட்டா வரும்?

நிலாவெளி டீச்சர்

உம்மாவிடம் நானும் வாதாட மாட்டேன். பற்றரி நமக்காகத்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தாழமுக்க அறிவித்தல் வந்தால் நான் எல்லாவற்றையும் 100க்கு ஏற்றி வைப்பேன், பவர்பாங்க் உட்பட. அந்தச் சில நாட்களால் பற்றரிக்கு ஒன்றும் ஆகாது. வருடத்தின் மற்ற நாட்களில் பவர்பாங்கை நிறைத்து வைத்துவிட்டுப் போனை 80இல் விடுவது ஒரு வழி. பவர்பாங்குக்குள்ளும் இதே இலித்தியம் அயன்தான், அதுவும் கிழடாகும். ஆனால் அதை மாற்ற போனைத் திறக்கத் தேவையில்லை.

உப்புவெளி ஓட்டோக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நான் செய்ததைச் சொல்கிறேன். பற்றரியை மாற்றினேன். ஸ்டாண்டைக் கண்ணாடியிலிருந்து கழற்றி, கைபிடிக்குக் கீழே வெயில் படாத பக்கம் பொருத்தினேன். பார்க்கக் கொஞ்சம் குனிய வேண்டும், பழகிவிட்டது. சவாரி தெரிந்த இடமென்றால் மேப்பை மூடிவிடுகிறேன். நிலாவெளி ரோட்டில் எனக்கு எதற்கு மேப்? கறுப்புக் கவரையும் கழற்றிவிட்டேன்.

சூடு நன்றாகக் குறைந்துவிட்டது. முன்பு மத்தியானத்தில் 'போன் சூடாக உள்ளது, சார்ஜ் நிறுத்தப்பட்டது' என்று எழுத்து வரும். இப்போது வருவதில்லை. ஒரு சந்தேகம் மட்டும்: புதுப் பற்றரி போட்ட பிறகு சதவீதம் தாறுமாறாகக் காட்டுகிறது. 60இலிருந்து திடீரென்று 48. பற்றரி போலியா?

மத்திய வீதி போன் கடை

உடனே அப்படி முடிவெடுக்க வேண்டாம் அண்ணா. உள்ளே போகும், வெளியே வரும் மின்னேற்றத்தை எண்ணித்தான் போன் சதவீதம் சொல்கிறது. பழைய பற்றரியின் கணக்கு இன்னும் அதன் நினைவில் இருக்கும். ஒருமுறை அணையும் வரை பாவித்து, பிறகு நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். அதன் பிறகும் குதித்தால் கொண்டுவாருங்கள், பார்ப்போம்.

சம்பூர் சிங்கம்

நான் முதல் நாளே சொன்னதுதானே!!!

நிலாவெளி டீச்சர்

தம்பி, அது சதவீதம் காட்டும் மானியைச் சரிசெய்ய, ஒருமுறை மட்டும். பற்றரி அதனால் இளமையாகாது. மாதாமாதம் செய்ய வேண்டாம்.

சம்பூர் சிங்கம்

சொன்னது நான்தான்.

உப்புவெளி ஓட்டோக்காரன்

செய்து பார்த்தேன், இப்போது ஒழுங்காக இறங்குகிறது. கழற்றிய பழைய பற்றரி என்னிடம்தான் இருக்கிறது. லேசாக உப்பியிருக்கிறது. குப்பை வண்டியில் போடலாமா?

மத்திய வீதி போன் கடை

போடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, தகரப் பேணி ஒன்றில் கொஞ்சம் மணல் போட்டு அதற்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுவாருங்கள், மற்ற மின்கழிவுகளோடு சேர்த்து அனுப்புகிறோம். ஓட்டோவில் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நாளைக்குப் பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை பூட்டு. அடுத்த நாள் காலையில் வாருங்கள்.